குப்பைக் கிடங்குக்கு எந்த இடம்? ஜிஐஎஸ் வரைபடமும் ஏஎச்பி முறையும் கொண்டு தேர்வு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

நம் ஊர்களில் குப்பைக் கிடங்குக்கான இடத்தைப் பெரும்பாலும் யாரும் ஆராய்ந்து தேர்ந்தெடுத்ததில்லை. விலை போகாத, கேட்க ஆளில்லாத ஒரு புறம்போக்கில் முதல் லாரி கொட்டிவிட்டுப் போகிறது. பிறகு ஊர் அதைச் சுற்றி வளர்கிறது. சென்னையின் பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள்ளேயே அமைந்தது. அதே சதுப்பு நிலம் 2022-இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. கொழும்பின் மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், குப்பை மலை சரிந்து அடிவாரத்து வீடுகளின்மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

ஜிஐஎஸ் எனப்படும் புவியியல் தகவல் முறையையும், பல அளவுகோல்களை ஒன்றாக எடைபோடும் முடிவெடுக்கும் முறைகளையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இந்தத் தேர்வை வெளிப்படையாகச் செய்ய முடியும். பொறியியல் மாணவர்கள், உள்ளாட்சிப் பொறியாளர்கள், தங்கள் ஊருக்கு வந்திருக்கும் திட்ட அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்க விரும்பும் ஊர்க்காரர்கள் ஆகிய மூவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்குக் கோயம்புத்தூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு, குளத் தொடர், காடு, விமான நிலையம், விமானப்படைத் தளம், மாநில எல்லை என்று இந்தக் கணக்கைக் கடினமாக்கும் எல்லாமே அங்கே இருக்கின்றன.

முதலில் பரப்பளவு

வரைபடத்தைத் திறப்பதற்கு முன் எத்தனை ஏக்கர் தேவை என்று கணக்கிட்டுவிட வேண்டும். பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். அதனால்தான் 5 ஏக்கர் துண்டுகளாகச் சிதறிய 'மிகச் சிறந்த இடங்கள்' வரைபடத்தில் கிடைக்கின்றன.

ஊரில் சேரும் மொத்தக் குப்பையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மக்கும் கழிவை உரமாக்கி, மறுசுழற்சிக்கு உரியதைப் பிரித்து எடுத்தபின் எதற்கும் பயன்படாமல் மிஞ்சுவது மட்டுமே நிலநிரப்புத் தளத்துக்குப் போக வேண்டும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் அதையே சொல்லின. மிச்சம் நாளொன்றுக்கு 200 டன் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 73,000 டன். தளம் 20 முதல் 25 ஆண்டுகள் தாங்க வேண்டும் என்றன அந்த விதிகள். 25 ஆண்டுக்கு 18,25,000 டன். அழுத்திய கழிவின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 0.85 டன் என்று கொண்டால் ஏறத்தாழ 21.5 லட்சம் கன மீட்டர் வரும். அன்றாடம் மேலே போடும் மண்ணுக்கும் அடித்தளத்துக்கும் 20 சதவீதம் சேர்த்தால் 25.8 லட்சம். சராசரி உயரம் 10 மீட்டர் என்றால் சுமார் 26 ஹெக்டேர். எடைமேடை, குப்பையிலிருந்து வடியும் கசிவுநீருக்கான குட்டை, உட்சாலைகளுக்கு 15 சதவீதம் கூட்டினால் ஏறத்தாழ 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர்.

பிரித்தெடுப்பு ஒழுங்காக நடக்காத ஊரில் இதே கணக்கு மூன்று மடங்கு, நான்கு மடங்காகிவிடும். திட்ட அறிக்கையில் கேட்கப்பட்ட பரப்பளவைப் பார்த்தாலே, அந்த உள்ளாட்சி குப்பையைப் பிரிக்கப் போகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

தரவு: எங்கே கிடைக்கும், எங்கே ஏமாற்றும்

மென்பொருளுக்குப் பணம் தேவையில்லை. கியூஜிஐஎஸ் இலவசம், இந்த வேலைக்குப் போதுமானது. தேவையான அடுக்குகளையும் (ஒவ்வொன்றும் ஒரு வகைத் தகவலை மட்டும் காட்டும் வரைபடம்) பெரும்பாலும் இலவசமாகவே பெறலாம். நிலப் பயன்பாட்டுக்கு 10 மீட்டர் துல்லியத்தில் சென்டினல்-2 படங்கள், உயரத்துக்கும் சரிவுக்கும் 30 மீட்டர் துல்லியமுள்ள, விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு அல்லது இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோசாட் உயர மாதிரி, பாறை வகைக்கும் நிலப்பிளவுக் கோடுகளுக்கும் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் தளம், சாலைகளுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், பழைய ஏரி குளங்களுக்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்கள், கிணற்று நீர்மட்டத்துக்கு மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பதிவுகள்.

இவற்றில் மூன்று இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, இந்த வழிகாட்டியில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, வறண்ட குளம். மே மாதத்துச் செயற்கைக்கோள் படத்தை எடுத்து நிலப் பயன்பாட்டை வகைப்படுத்தச் சொன்னால், தண்ணீர் இல்லாத குளத்தின் படுகையை மென்பொருள் 'தரிசு' என்று குறித்துவிடும். தரிசுக்கு நாம் அதிக மதிப்பெண் கொடுத்திருப்போம். படுகை சமதளம், அதனால் சரிவிலும் நல்ல மதிப்பெண். அடியில் களிமண், அதனால் மண் வகையிலும் நல்ல மதிப்பெண். உள்ளே வீடுகள் இல்லை. எல்லா அடுக்குகளும் ஒருமித்துக் குளத்தின் நடுவில் குப்பை கொட்டச் சொல்லும். நொய்யல் படுகையில் இது எளிதில் நடக்கக்கூடியது. வெள்ளியங்கிரி மலையடிவாரத்திலிருந்து வரும் அந்த ஆற்றின் வாய்க்கால்கள் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் என்று வரிசையாகக் குளங்களை நிரப்பும்படி அமைந்தவை. இப்படிப்பட்ட தொடரில் ஆண்டு முழுதும் நீர் நிற்காத சிறு குளங்களும் குட்டைகளும் உண்டு. ஆகவே வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர், ஜனவரி மாதப் படங்களையும் எடுங்கள், அதுவும் நல்ல மழை பெய்த ஆண்டில். அதன்பின் நில அளவை வரைபடத்தின் குளக்கரைக் கோடுகளை அதன்மேல் வையுங்கள். இரண்டில் எதில் குளம் என்று இருந்தாலும் அது குளம்தான்.

இரண்டாவது, நீர்மட்டம். வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. நான்கையும் சராசரி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. நமக்கு வேண்டியது நீர் மிக மேலே வரும் காலத்து அளவு. மேலும், கோவை வட்டாரம் கடினப்பாறைப் பகுதி. நீர் பாறைப் பிளவுகளில் ஓடுகிறது. இரண்டு கிணறுகளுக்கு நடுவே மென்பொருள் வரையும் வழவழப்பான சரிவு அங்கே உண்மையில் இருக்காது. அந்த அடுக்கை ஓர் ஊகமாக மட்டும் வைத்துக்கொண்டு, பிளவுக் கோடுகளின் அடுக்கைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, உயர மாதிரியின் வயது. எஸ்ஆர்டிஎம் தரவு 2000 பிப்ரவரியில் எடுக்கப்பட்டது. அதன்பின் வெட்டிய கல்குவாரிகள் அதில் தெரியாது. கைவிடப்பட்ட குவாரியைக் குப்பைக்கு விடலாம் என்று பல ஊர்களில் யோசனை வரும். வெடி வைத்துப் பிளந்த பாறை அடித்தளமாக இருக்கும்போது கசிவுநீர் எங்கே போகும் என்று சொல்லவே முடியாது. பெரும்பாலும் குவாரியின் அடி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். நான் அதை ஆதரிக்க மாட்டேன்.

எல்லை, ஆயத்தொலைவு

ஆய்வு எல்லையை மாநகராட்சி எல்லையோடு நிறுத்தாதீர்கள். நீரோட்டம் வட்டாட்சியர் எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. பொள்ளாச்சிப் பக்கத்து நீர் ஆழியாறு வழியாகக் கேரளத்தின் பாரதப்புழைக்குப் போகிறது. அங்கே ஒரு தளம் அமைத்தால் பாதிப்பு மாநிலம் தாண்டும். நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் எல்லையை வைத்து ஆய்வுப் பரப்பை வகுத்துக்கொள்வது நல்லது.

எல்லா அடுக்குகளையும் மீட்டர் அளவில் அமைந்த ஒரே ஆயத்தொலைவு முறைக்கு மாற்றுங்கள். தமிழ்நாட்டில் ஒரு சிக்கல் உண்டு. கிழக்குத் தீர்க்கரேகை 78 டிகிரிக்கு மேற்கே இருக்கும் கோவை, திருப்பூர், ஈரோடு, நெல்லை, குமரி எல்லாம், உலகை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையில் 43-ஆம் மண்டலம். மதுரை, திருச்சி, சென்னை 44-ஆம் மண்டலம். மாற்றாமல் டிகிரியிலேயே சரிவு கணக்கிட்டால் மாவட்டம் முழுதும் 90 டிகிரிக்கு அருகில் செங்குத்தாக நிற்கும். அந்தப் படம் வந்தால் கோளாறு இங்கேதான் என்று உடனே தெரிந்துகொள்ளலாம். பிறகு எல்லாவற்றையும் 30 மீட்டர் கட்டங்களில் கட்டத்துக்கு ஓர் எண் கொண்ட ராஸ்டர் படமாக்கி, கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நமக்கு வேண்டிய 30 ஹெக்டேர் என்பது சுமார் 333 கட்டங்கள்.

விலக்க வேண்டியதை முதலில் விலக்குங்கள்

மதிப்பெண் போடுவதற்கு முன், எந்தச் சூழ்நிலையிலும் கூடாத இடங்களை வெட்டி எறிய வேண்டும். இந்த வரிசை மாறினால் முழு ஆய்வும் பாழ். ஏனென்றால் எடையிட்டுக் கூட்டும் முறையில் ஓர் அளவுகோலின் குறையை இன்னொன்றின் நிறை ஈடுகட்டிவிடும். நல்ல தார்ச்சாலை பக்கத்தில் இருப்பதால், குடிநீர்க் கிணற்றை ஒட்டிய நிலமும் நல்ல மொத்த மதிப்பெண் வாங்கிவிடலாம்.

2016 விதிகளின்படி ஆற்றிலிருந்து 100 மீட்டர். குளத்திலிருந்து 200 மீட்டர். நெடுஞ்சாலை, குடியிருப்பு, பூங்கா, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர். விமான நிலையம் அல்லது விமானப்படைத் தளத்திலிருந்து 20 கிலோமீட்டர். கடந்த 100 ஆண்டுகளில் வெள்ளம் பதிவான சமவெளி, கடலோர ஒழுங்குமுறை மண்டலம், ஈரநிலம், உயிரினங்களின் முக்கிய வாழிடம் ஆகியவற்றில் அறவே கூடாது. விதிகள் அவ்வப்போது மாற்றப்படுகின்றன; 2016 விதிகளுக்குப் பதிலாக 2026-இல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. ஆய்வைத் தொடங்கும் நாளில் நடைமுறையில் இருக்கும் அரசிதழைப் பார்த்துத் தூரங்களை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இவை 2016 விதிகள் வைத்த கீழ்வரம்புகள். குடியிருப்புக்கு 200 மீட்டர் என்பது என் கருத்தில் மிகக் குறைவு. மீதொட்டமுல்லையை நினைத்தால், கிடங்கு எரியும்போது வரும் புகையை நினைத்தால், ஆய்வில் குறைந்தது 500 மீட்டரை விலக்கு எல்லையாக வைத்துத் தொடங்கலாம்.

கோவையில் விமான வட்டத்தை வரைந்து பாருங்கள். 20 கிலோமீட்டர் ஆரம் என்றால் 1,256 சதுர கிலோமீட்டர். பீளமேட்டுக்கு ஒன்று, சூலூர் விமானப்படைத் தளத்துக்கு ஒன்று. மாநகரம் முழுதும், இப்போது குப்பை கொட்டப்படும் வெள்ளலூர் உட்பட, அதற்குள் போய்விடுகிறது. மேற்கே காடும் யானைகள் நடமாடும் பகுதிகளும் இருக்கின்றன. மிஞ்சுவது வடக்கே அன்னூர்ப் பக்கம், தெற்கே கிணத்துக்கடவுப் பக்கம் என்ற அளவில்தான். உரிய அமைப்பின் தடையின்மைச் சான்று பெற்றால் 10 முதல் 20 கிலோமீட்டருக்குள் அனுமதிக்கவும் 2016 விதிகளில் வழி இருந்தது. ஆகவே இரண்டு விலக்கு அடுக்குகளைத் தயாரித்து, இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். எதை விட்டுக்கொடுத்தால் என்ன கிடைக்கிறது என்பதை மக்கள் கண்ணால் பார்க்கட்டும்.

மிஞ்சிய நிலத்துக்கு மதிப்பெண்

விலக்கியபின் மிஞ்சிய கட்டங்களுக்கு ஒவ்வோர் அளவுகோலிலும் 1 முதல் 5 வரை அல்லது 0 முதல் 1 வரை மதிப்பெண் தர வேண்டும். நீர்மட்டம் ஆழமாக இருந்தால் அதிகம், குடியிருப்பு தொலைவில் இருந்தால் அதிகம் என்பவை எளிது. சாலை அப்படியில்லை. நெடுஞ்சாலைக்கு மிக அருகே இருந்தால் விதிமீறல், மிகத் தொலைவில் இருந்தால் லாரி டீசலுக்கே நிதி போய்விடும். 200 மீட்டருக்கு அப்பால் தொடங்கி ஒரு கிலோமீட்டர் வரை உச்சம், பிறகு படிப்படியாக இறக்கம் என்று வகுக்கலாம். சரிவும் அப்படித்தான். 2 முதல் 10 சதவீதம் நல்லது. முற்றிலும் தட்டையான நிலத்தில் மழைநீர் தேங்கும், செங்குத்தான நிலத்தில் குப்பை நிலைகொள்ளாது.

காற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பலத்த காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. எனவே ஒரே ஒரு கிலோமீட்டர் தொலைவு என்றாலும், தளத்துக்குக் கிழக்கே இருக்கும் ஊருக்கும் மேற்கே இருக்கும் ஊருக்கும் நாற்றம் ஒன்றல்ல. குடியிருப்பைச் சுற்றி ஒரே அளவு வட்டம் போடாமல், ஊருக்கு மேற்கே அந்த வட்டத்தை நீட்டிக்க வேண்டும்.

எடை போடுதல்: ஏஎச்பி

எந்த அளவுகோல் எவ்வளவு முக்கியம்? இதற்கு அதிகம் பயன்படும் முறை, தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கிய ஏஎச்பி எனப்படும் படிநிலைப் பகுப்பாய்வு. பத்து அளவுகோல்களுக்கு ஒரே மூச்சில் சதவீதம் சொல்லச் சொன்னால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. இரண்டிரண்டாக எடுத்து, இதைவிட அது எத்தனை மடங்கு முக்கியம் என்று கேட்டால் சொல்ல முடியும். சமம் என்றால் 1, மிக மிக முக்கியம் என்றால் 9.

மூன்றே அளவுகோல்களுடன் கையால் செய்து பார்ப்போம். நிலத்தடி நீர், குடியிருப்பைவிட 2 மடங்கு முக்கியம். நிலத்தடி நீர், சாலையைவிட 5 மடங்கு. குடியிருப்பு, சாலையைவிட 3 மடங்கு. அணியின் வரிசைகள் இப்படி அமையும்:

நீர்: 1, 2, 5
குடியிருப்பு: 1/2, 1, 3
சாலை: 1/5, 1/3, 1

நெடுக்கில் கூட்டினால் 1.70, 3.33, 9. ஒவ்வோர் எண்ணையும் அதன் நெடுக்குக் கூட்டலால் வகுத்து, கிடைவரிசையின் சராசரியை எடுத்தால் நீருக்கு 0.58, குடியிருப்புக்கு 0.31, சாலைக்கு 0.11 என எடைகள் கிடைக்கும்.

அடுத்தது முரண்பாட்டுச் சோதனை. நீர் குடியிருப்பைவிட முக்கியம், குடியிருப்பு சாலையைவிட முக்கியம் என்று சொல்லிவிட்டு, சாலை நீரைவிட முக்கியம் என்று ஒருவர் சொன்னால் அவரது பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அணியை எடைகளால் பெருக்கி வரும் எண்களை அதே எடைகளால் வகுத்துச் சராசரி எடுங்கள்; நம் அணிக்கு 3.004 வருகிறது. அதிலிருந்து அளவுகோல்களின் எண்ணிக்கையான 3-ஐக் கழித்து, 2-ஆல் வகுத்து, மூன்று அளவுகோல்களுக்குச் சாட்டி தரும் மதிப்பான 0.58-ஆல் மீண்டும் வகுத்தால் சுமார் 0.003. இந்த விகிதம் 0.10-க்குள் இருந்தால் ஏற்கலாம். தாண்டினால் பதில் சொன்னவரிடம் திரும்பிப் போய்க் கேட்க வேண்டும். எண்களை நாமே திருத்திச் சரிசெய்வது மோசடி.

பலரது பதில்களைச் சேர்க்கும்போது பெருக்கல் சராசரியைப் பயன்படுத்துங்கள். ஒருவர் 2 என்றும் இன்னொருவர் 8 என்றும் சொன்னால் சேர்ந்த மதிப்பு 4. சாதாரணச் சராசரி எடுத்தால் அணியின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருக்கும் பொருத்தம் கெட்டுவிடும்.

இன்னொரு வழுக்கலும் உண்டு. நீர்மட்ட ஆழம், மண் வகை, பாறை வகை, நிலப்பிளவு ஆகிய நான்கும் நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு என்ற ஒரே அக்கறையின் முகங்கள். நான்கையும் தனித்தனியாகச் சாலையோடு ஒப்பிட்டால் ஒன்றையே நான்கு முறை எண்ணியதாகிவிடும். முதலில் நீர், மக்கள், செலவு என்று பெரிய தலைப்புகளை ஒப்பிட்டு, பிறகு ஒவ்வொன்றின் உள்ளேயும் பிரியுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதைப் பற்றித் திட்ட அறிக்கைகள் ஒரு வரியில் 'நிபுணர்களின் கருத்து' என்று எழுதிவிட்டுப் போகின்றன. ஆனால் எடைகள் இயற்கையில் கிடைப்பவை அல்ல, யாரோ சில மனிதர்களின் விருப்பங்கள். நகரப் பொறியாளர்களிடம் மட்டும் கேட்டால் போக்குவரத்துச் செலவு மேலே வரும். கிணற்றுப் பாசன விவசாயிகளிடம் கேட்டால் நீர் மேலே வரும். துப்புரவுப் பணியாளர்களிடமும், பரிசீலனையில் இருக்கும் கிராமங்களின் பெண்களிடமும் கேட்க வேண்டும். ஒவ்வொரு குழுவின் எடைக்கும் தனித்தனி வரைபடம் எடுத்துக் காட்டுங்கள். எல்லா வரைபடங்களிலும் மேலே வரும் இடம் ஒன்று இருந்தால், அதற்கு எந்தக் கூட்டுச் சராசரிக்கும் இல்லாத வலு இருக்கும்.

அடுக்குகளைச் சேர்த்தல், அசைத்துப் பார்த்தல்

ராஸ்டர் கணிப்பானில் ஒவ்வோர் அடுக்கையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டி, விலக்கு அடுக்கால் (விலக்கிய கட்டத்துக்கு 0, மற்றவற்றுக்கு 1) பெருக்குங்கள். வரும் வரைபடத்தில் உயர்ந்த மதிப்பெண் கட்டங்களை மட்டும் எடுத்து, தொடர்ச்சியாக 30 ஹெக்டேருக்குக் குறையாத திட்டுகளைப் பிரியுங்கள். நீண்டு ஒடுங்கிய நாடா வடிவத் திட்டுகள் பயன்படாது.

உடனே அறிக்கை எழுதிவிடாதீர்கள். ஒவ்வோர் எடையையும் 25 சதவீதம் கூட்டியும் குறைத்தும், மற்ற எடைகளை அதே விகிதத்தில் சரிக்கட்டியும் மீண்டும் ஓட்டுங்கள். ஒரே ஓர் எடையைச் சற்றுத் தொட்டதும் முதலிடம் கைமாறுகிறது என்றால் அந்த இடத்தைப் பரிந்துரைக்க உங்களிடம் போதிய ஆதாரம் இல்லை. திரும்பத் திரும்ப மேலே வரும் மூன்று அல்லது நான்கு இடங்களைக் கையில் வைத்துக்கொண்டு களத்துக்குக் கிளம்புங்கள்.

களம்

கிளம்பும் முன் ஒவ்வொரு திட்டின் புல எண்களையும் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம், நிலத்தின் வகையும் உரிமையும் பதிந்த அ-பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, மயானம், வண்டிப்பாதை எல்லாம் செயற்கைக்கோளுக்கு ஒரே வெட்டவெளிதான். பதிவேட்டில் 'தரிசு' என்று இருந்தாலும் அங்கே யாராவது ஆடு மேய்க்கிறார்களா, சீமைக்கருவேல் வெட்டிப் பிழைக்கிறார்களா, மழைக்காலத்தில் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உள்ளூர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். அரசு நிலம் என்பதால் எளிதில் கிடைக்கும் இடம் பல ஊர்களில் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பை ஒட்டியே இருக்கிறது. குறைந்த நில விலைக்கு மதிப்பெண் கொடுத்தால், கணக்கு தானாகவே ஏழைகளின் வாசலில் போய் நிற்கும். நில விலையை அளவுகோலாகச் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பிறகு மண். துளையிட்டுப் பாறை எந்த ஆழத்தில் இருக்கிறது, நீர் எந்த ஆழத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். 2016 விதிகளின்படி அடித்தளத்தில் 90 செ.மீ. களிமண் அல்லது பக்குவப்படுத்திய மண்ணும், அதன்மேல் 1.5 மி.மீ. எச்டிபிஇ (அடர் பாலித்தீன்) விரிப்பும் வேண்டும். அந்த மண்ணில் நீர் ஊடுருவும் வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது ஆண்டுக்குச் சுமார் 3 செ.மீ. நீர்மட்டத்தின் உச்சம் அந்த மண் அடுக்குக்குக் குறைந்தது 2 மீட்டர் கீழே இருக்க வேண்டும். இந்த 2 மீட்டரை மே மாதத்தில் அளந்து திருப்தி அடையாதீர்கள். அதே துளையை நவம்பர், டிசம்பரிலும் அளக்க வேண்டும். ஆகவே களச் சோதனைக்கு ஒரு முழு ஆண்டை ஒதுக்குங்கள்.

மக்கள் முன் வைத்தல்

பொதுவான நகராட்சித் திடக்கழிவு மேலாண்மை வளாகங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி தேவை. மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் அதன் ஒரு படி. அங்கே வண்ண வரைபடத்தை மட்டும் திரையில் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் வேண்டியதில்லை. ஒப்பீட்டு அணி, எடைகள், பதில் சொன்ன குழுக்கள், விலக்கிய தூரங்கள், தேர்வாகாத இடங்கள் ஏன் தேர்வாகவில்லை என்பது, எல்லாவற்றையும் புல எண்களுடன் தமிழில் அச்சிட்டுக் கூட்டத்துக்குப் பல நாள் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள். எடையை மாற்றினால் முடிவு எப்படி மாறுகிறது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டால், அங்கேயே கணினியில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

இடம் உறுதியானபின், முதல் லாரி வருவதற்கு முன் செய்தே தீர வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. அப்பகுதியின் நிலத்தடி நீர்த் தரத்தை முன்கூட்டியே சோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றும், தளத்தின் விளிம்பிலிருந்து 50 மீட்டருக்குள் உள்ள நீரைக் கோடை, மழை, மழைக்குப் பின் என எல்லாப் பருவங்களிலும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றும் 2016 விதிகள் சொல்லின. நீரோட்டத்தின் மேற்புறம் ஒன்றும் கீழ்ப்புறம் இரண்டு மூன்றுமாகக் கண்காணிப்புக் கிணறுகளை இப்போதே போட்டு, சுற்றியுள்ள விவசாயக் கிணறுகளின் நீரையும் சோதித்து, முடிவின் ஒரு படியை அந்தந்தக் கிணற்றுக்காரரின் கையில் கொடுத்துவிடுங்கள். பத்தாண்டு கழித்து நீர் கெட்டுவிட்டது என்று அவர் சொல்லும்போது, முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அவரிடமே சான்று இருக்கும்.